தலையை வெட்டினால் தழைக்கும் செடி!
தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து நடக்கும் கதை

கிரேக்க நாட்டில் நாப்ளியா என்று ஓர் ஊர் இருக்கிறது. கடற்கரை ஊர். அந்த ஊரில் பாறை ஒன்றில் ஒரு கழுதையின் உருவத்தைச் செதுக்கி வைத்து இருந்தார்கள்.

கழுதைக்குச் சிலையா என்று சிரிக்க வேண்டாம். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஒரு கழுதை திராட்சைத் தோட்டத்தில் புகுந்து, கொடிகளின் நுனியை எல்லாம் கடித்துத் தின்று விட்டதாம். தோட்டக்காரன் தலையில் கை வைத்துக் கொண்டான். ஆனால் அடுத்த முறை என்ன நடந்தது தெரியுமா? கழுதை கடித்த கொடிகளில்தான் மற்றக் கொடிகளை விட அதிகமாகக் குலை தள்ளியது! கொடியை வெட்டி விட்டால் நன்றாகக் காய்க்கும் என்ற பாடத்தை மனிதனுக்குச் சொல்லிக் கொடுத்த குரு அந்தக் கழுதைதான் என்று அந்த ஊரார் நம்பினார்கள். சுமார் 1,850 ஆண்டுகளுக்கு முன் அங்கே போன பவுசானியஸ் என்ற யாத்திரிகர் இதை எழுதி வைத்து இருக்கிறார்.

கதை உண்மையோ, கட்டியதோ, பாடம் உண்மை. இன்று உலகத்தில் பல பயிர்களின் விளைச்சல் இந்தப் பாடத்தில்தான் அடங்கி இருக்கிறது. அவற்றில் ஒன்று, காலையில் நாம் குடிக்கிற தேநீர்!

இடுப்பு அளவு மரம்

நீலகிரிக்கோ வால்பாறைக்கோ போனவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து இருப்பார்கள். மலைச் சரிவு முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தது போல் இருக்கும். செடிகள் எல்லாம் ஒரே உயரம். இடுப்பு அளவுக்கு மேல் போகாது.

"தேயிலை சின்னச் செடிதானே?" என்று கேட்டால், இல்லை! தேயிலை ஒரு மரம்.

1823-ம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அசாம் காட்டுக்குப் போனார். அங்கே சிங்போ என்ற மலை மக்கள் ஒரு மரத்தின் இலையைப் பறித்துப் பக்குவம் செய்து, கொதிக்க வைத்துக் குடிப்பதைப் பார்த்தார். அதுதான் அசாம் தேயிலை. சும்மா விட்டால் அது 30 அடி, 40 அடி உயரத்துக்குப் போகும். வெள்ளைப் பூப் பூக்கும். காய் காய்க்கும்.

அப்படி ஒரு மரம், இடுப்பு உயரத்துக்குள் நூறு ஆண்டு வாழ்கிறது. ஆம், நூறு ஆண்டுதான்! வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட செடிகளில் இன்றும் கொழுந்து எடுக்கும் தோட்டங்கள் உண்டு. அந்தச் செடியின் அடியைக் குனிந்து பார்த்தால் ஆள் கை போலவும், கால் போலவும் முறுக்கிக் கொண்டு நிற்கும். மேலே பார்த்தால் பச்சைக் குழந்தை. கீழே பார்த்தால் பாட்டனுக்குப் பாட்டன்.

இந்த மாயத்தைச் செய்வது ஒரு கத்தி. அந்த வேலைக்குத் தோட்டத்தில் பெயர், கவ்வாத்து.

நுனியின் அதிகாரம்

வெட்டினால் செடி ஏன் தழைக்க வேண்டும்? ஒரு கிளையை வெட்டினால் ஒரு கிளை குறைய வேண்டியதுதானே நியாயம்?

எந்தச் செடியையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் மூலையில் கடுகு போல ஒரு சின்ன மொட்டு இருக்கும். அது கிளையாக வளர வேண்டிய மொட்டு. ஆனால் வளராமல் தூங்கிக் கொண்டு இருக்கும். அதைத் தூங்க வைப்பது யார்? உச்சியில் இருக்கிற நுனிக் குருத்து!

கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் பேசும்போது இளையவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் அல்லவா? அதைப் போல, நுனி இருக்கும் வரை பக்க மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். நுனியைக் கிள்ளி விட்டால், அடங்கிக் கிடந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து விடுவார்கள்.

1926-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி வெண்ட் என்பவர் ஓட்ஸ் முளையின் நுனியில் இருந்து ஒரு சத்து இறங்குவதை நிரூபித்தார். அதற்கு ஆக்சின் என்று பெயர் வந்தது. பிறகு 1933-லும் 1934-லும் அமெரிக்காவில் திமன், ஸ்கூக் என்ற இருவர் அவரைச் செடியின் இனமான ஒரு செடியை எடுத்து அதன் நுனியை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ஆக்சினைத் தடவினார்கள். நுனி போய் விட்டது. ஆனாலும் பக்க மொட்டுகள் எழுந்திருக்கவே இல்லை! ஆக்சினைப் பார்த்து, நுனி இன்னும் இருக்கிறது என்று ஏமாந்து விட்டன.

அதோடு விஷயம் முடியவில்லை. 2014-ல் ஆஸ்திரேலியாவில் பட்டாணிச் செடியை வைத்து ஆராய்ந்தவர்கள் வேறு ஒன்றைக் கண்டார்கள். நுனியை வெட்டியதும், அது வரை நுனி இழுத்துக் கொண்டு இருந்த சர்க்கரைச் சத்து பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது. ஆக்சின் குறைவதற்கு முன்னாலேயே அந்தச் சர்க்கரை போய்ச் சேர்ந்து மொட்டை எழுப்பி விடுகிறது. அதாவது, மூத்தவரின் அதட்டல் மட்டும் அல்ல. பந்தியில் முதல் சோறு அவருக்கே போய்க் கொண்டு இருந்ததும் ஒரு காரணம்!

கிள்ளுவதும் வெட்டுவதும்

தேயிலை நாற்றை நட்டுச் சில மாதங்கள் ஆனதும், எட்டு அல்லது பத்து இலையைக் கீழே விட்டு நடுத் தண்டை வெட்டி விடுகிறார்கள். ஆசையாக வளர்ந்த செடியின் தலை போய் விடும். புதிதாகத் தோட்டம் போட்டவருக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்காது. ஆனால் அந்த வெட்டில்தான் செடியின் வாழ்நாள் முழுவதற்கும் உரிய சட்டம் அமைகிறது. பக்கக் கிளைகள் நாலு திசையிலும் படர்கின்றன. அவற்றின் நுனியையும் ஓர் அளவில் வெட்டுவார்கள். ஒன்று நாலாகி, நாலு பதினாறாகி, மேசைப் பலகை போல் மேல்மட்டம் பரந்து விடும்.

பிறகு கொழுந்து எடுப்பது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்ததுதான் நல்ல கொழுந்து. கொழுந்து கிள்ளுவதே ஒரு சின்னக் கவ்வாத்து என்று சொல்லலாம். ஒரு நுனியைக் கிள்ளினால் கீழ் இலை மூட்டில் இருக்கிற மொட்டு கிளம்புகிறது. நல்ல மழைக் காலத்தில் ஏழு, எட்டு நாளில் அதே செடிக்குத் திரும்பி வந்தால் மறுபடியும் கொழுந்து தயாராக நிற்கும். நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். ஒரு கிலோ தூளுக்கு எத்தனை ஆயிரம் முறை பெண்களின் விரல்கள் கிள்ளி இருக்கும் என்று டம்ளரைக் கையில் எடுக்கும்போது யாராவது நினைக்கிறார்களா?

ஆனால் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு முறை கிள்ளும்போதும் கொஞ்சம் காம்பு செடியில் நின்று விடும். அதன் மேல் அடுத்த கொழுந்து. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செடியின் மட்டம் மேலே ஏறிக் கொண்டே போகும். நாலு, ஐந்து ஆண்டில் இடுப்பில் இருந்தது மார்புக்கு வந்து விடும். முதுகில் கூடையோடு நிற்கிற பெண்ணுக்குக் கை எட்டாது. மேலே குச்சி குச்சியாக முடிச்சு விழுந்து, கொழுந்து குறைந்து, மலட்டு மொட்டு பெருகும். செடி பூக்கவும் காய்க்கவும் தொடங்கும். மரமாகப் பிறந்தது மறுபடி மரமாகப் பார்க்கிறது!

அப்போது கத்தி வர வேண்டும்.

செடியின் வயதையும் உடம்பையும் பார்த்து வெட்டும் உயரத்தை முடிவு செய்கிறார்கள். கிழண்டு, நோய் கண்ட செடியைத் தரையில் இருந்து ஓர் அடிக்கும் கீழே வெட்டி மறு பிறவி எடுக்க வைப்பது உண்டு. வழக்கமான சுற்றில் ஒன்றரை அடிக்கும் இரண்டு அடிக்கும் நடுவிலோ, அதற்குச் சற்று மேலோ வெட்டுவார்கள். மேல்மட்டத்தை மட்டும் லேசாகச் சீவி விடுவதும் உண்டு. அது முடி திருத்துகிற மாதிரி. சூடான தாழ்ந்த பகுதியில் செடி வேகமாக வளர்வதால் இந்தச் சுற்று சீக்கிரம் வரும். குளிர்ந்த மேட்டில் தாமதமாக வரும்.

வேரைக் கேட்டு விட்டு வெட்டு!

கவ்வாத்து முடிந்த தோட்டத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஒரு பச்சை இலை இருக்காது. எலும்புக் கூடுகளை வரிசையாக நட்டது போல் இருக்கும்.

இலைதான் செடிக்கு அடுப்பங்கரை. வெயிலைக் கொண்டு உணவு சமைப்பது இலை. அடுப்பங்கரையையே இடித்து விட்டால் செடி எதைத் தின்று உயிர் வாழும்?

வேரில் சேமித்து வைத்ததைத் தின்று வாழும்! தேயிலைச் செடி தன் வேரில் மாவுச் சத்தைச் சேர்த்து வைக்கிறது. குதிரில் நெல் கொட்டி வைப்பது போலத்தான். கவ்வாத்துக்குப் பிறகு புதுத் துளிர் வந்து, இலை விரிந்து, தானே சமைக்கத் தொடங்கும் வரை அந்தக் குதிர்தான் செடியைக் காப்பாற்ற வேண்டும்.

குதிர் காலியாக இருக்கும்போது வெட்டினால்? துளிர் வராது. கிளைகள் நுனியில் இருந்து காய்ந்து கொண்டே கீழே இறங்கும். செடி செத்து விடும். ஒரு செடி, இரண்டு செடி அல்ல. நிரை நிரையாகச் சாகும். செத்த இடத்தில் புது நாற்று நட்டு, அது பலன் தர ஆண்டுக் கணக்கில் காத்து இருக்க வேண்டும். இலங்கையில் தாழ்ந்த பகுதித் தோட்டங்களில் இந்தச் சேதம் நன்றாகத் தெரிந்த விஷயம். சூடான இடத்தில் செடி கொழுந்து கொழுந்தாகத் தள்ளிச் செலவழித்து விடும். வேரில் சேமிப்பு குறைவு. கை நிறையச் சம்பாதித்துப் பை நிறையச் செலவு செய்கிற ஆள் மாதிரி!

அப்படியானால் மண்ணுக்குள் இருக்கிற குதிரை எப்படி எட்டிப் பார்ப்பது?

அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. தோட்டத்தில் அங்கங்கே சில செடிகளின் வேரைத் தோண்டி, பென்சில் கனத்தில் ஒரு துண்டு வெட்டி எடுக்கிறார்கள். மண்ணைக் கழுவி, குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தில் அயோடின் கரைசலைத் தடவுகிறார்கள். கருநீலமாக மாறினால் மாவுச் சத்து நிறைய இருக்கிறது; தைரியமாகக் கத்தியை எடுக்கலாம். நிறம் மாறாமல் வெளுப்பாக நின்றால் கத்தியை உறையில் போட வேண்டியதுதான்.

வீட்டில் குழந்தைகளுக்கு இதைச் செய்து காட்டலாம். ஒரு பருக்கைச் சோற்றின் மேல் காயத்துக்குப் போடுகிற டிஞ்சர் அயோடினில் ஒரு சொட்டு விட்டால் போதும். சோறு கருநீலமாகி விடும். அரிசியில் இருப்பதும் தேயிலை வேரில் இருப்பதும் ஒரே மாவுதான். (அந்தச் சோற்றை உடனே குப்பையில் போட்டு விட வேண்டும். அயோடின் வயிற்றுக்குள் போகக் கூடாது.)

வேரில் சேமிப்பு போதாது என்று தெரிந்தால் சில வாரங்கள் கொழுந்து எடுப்பதை நிறுத்தி, செடியைச் சும்மா விடுகிறார்கள். வளர்கிற இலைகள் சமைத்த உணவு கீழே இறங்கி வேரை நிரப்பும். வேறு ஒரு வழியும் உண்டு. எல்லாக் கிளையையும் வெட்டாமல், ஓரத்தில் ஒன்றிரண்டு கிளைகளை இலையோடு விட்டு விடுவார்கள். செடிக்கு மூச்சு விட ஒரு ஜன்னல். புதுத் துளிர் வந்த பிறகு அந்தக் கிளையையும் எடுத்து விடலாம்.

காலமும் பார்க்க வேண்டும். கடும் வறட்சியில் வெட்டினால் துளிர் கருகும். நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். அப்போது இளந்துளிர் இருந்தால் பொசுங்கி விடும். மழையை எதிர்பார்த்துத்தான் கவ்வாத்து.

ஒரே வெட்டு

கவ்வாத்துக் கத்தி வளைந்து இருக்கும். கூர்மை இல்லாத கத்திக்குத் தோட்டத்தில் மரியாதை இல்லை. கிளையைச் சாய்வாக, ஒரே வெட்டில் துண்டாக்க வேண்டும். இரண்டாவது முறை கொத்தினால் கட்டை பிளந்து விடும். பட்டை உரிந்து தொங்கும். அந்தப் பிளவில் மழைத் தண்ணீர் தங்கும். தண்ணீர் தங்கிய இடத்தில் பூசணம் பிடித்து, நடுக் கட்டை உளுத்து, அடுத்த கவ்வாத்து வரும்போது செடியில் பாதி பொந்தாகி இருக்கும்.

சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி, காலையில் இருந்து இப்படியே வெட்டிக் கொண்டு போக வேண்டும். அட்டை காலைப் பிடிக்கும். பனியில் கட்டை வழுக்கும். கை தவறினால் கத்தி முழங்காலுக்கு வரும். கொழுந்து எடுப்பது பெண்கள் வேலை, கவ்வாத்து ஆண்கள் வேலை என்று பழைய தோட்டங்களில் ஒரு வழக்கம். இன்று இயந்திரக் கத்திகள் வந்து விட்டன. வேலை வேகமாக முடிகிறது. ஆனால் எந்தக் கிளை நோய்ப்பட்டது, எதை இன்னும் இரண்டு அங்குலம் கீழே இறக்கி வெட்ட வேண்டும் என்று பார்ப்பதற்கு ஆளின் கண்தான் வேண்டும்.

வெட்டிய பெரிய காயங்களில் தாமிர மருந்து பூசுகிறார்கள். மயில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இதற்குப் பழைய மருந்து. அது பிறந்த கதை வேடிக்கையானது. பிரான்சு நாட்டில் போர்டோ பக்கத்தில், சாலை ஓரத்துத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்று விடுகிறார்கள் என்று தோட்டக்காரர்கள் மயில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து வைத்தார்கள். பார்க்க விஷம் மாதிரி நீலமாக இருக்கும். ஒருவனும் கை வைக்க மாட்டான். அந்த நேரம் பூசண நோய் வந்து தோட்டங்கள் அழிந்தன. சாலை ஓரக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன! மில்லார்டே என்ற பேராசிரியர் இதைக் கவனித்து ஆராய்ந்து, 1885-ல் உலகத்துக்குச் சொன்னார். திருடனுக்கு வைத்த பூச்சாண்டி, செடிக்கு மருந்தானது.

மிலாறு யாருக்கு?

வெட்டி விழுந்த குச்சிகளுக்குத் தோட்டத்தில் மிலாறு என்று பெயர். இந்த மிலாறைப் பற்றி ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

மிலாறையும் இலையையும் அந்த இடத்திலேயே போட்டு மக்க விட வேண்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். நாலு, ஐந்து ஆண்டாகச் செடி மண்ணில் இருந்து எடுத்த சாம்பல் சத்தும் தழைச் சத்தும் அதில் இருக்கின்றன. அது மண்ணை மூடிக் கிடந்தால், மழை மண்ணை அரித்துக் கொண்டு போகாது. மொட்டையாக நிற்கும் கிளைகளின் மேல் கொஞ்சம் மிலாறைப் பரப்பி வைத்தால் வெயிலில் பட்டை வெடிக்காது.

ஆனால் லயத்தில் அடுப்பு எரிய வேண்டுமே! குளிர் நாட்டில் ஒரு பானை வெந்நீருக்கும் விறகு வேண்டும். வேலை முடிந்து வரும்போது தலையில் ஒரு கட்டு மிலாறு வந்தால்தான் வீட்டில் புகை கிளம்பும். மண்ணுக்கும் பசி, அடுப்புக்கும் பசி. இதில் யார் பக்கம் நியாயம் என்று மேட்டில் பங்களாவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சுலபம். எரிவாயு அடுப்பு வந்த வீடுகளில் மட்டும் இந்த வழக்கு தானாகத் தீர்ந்து வருகிறது.

பொறுமைக்குச் சோதனை

சில வாரங்களில் மொட்டைக் கட்டையில் சிவந்த துளிர்கள் வெடித்துக் கிளம்பும். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். மாதக் கணக்கில் வருமானம் இல்லாமல் இருந்தவருக்குக் கை துறுதுறுக்கும்.

அப்போதுதான் கிள்ளக் கூடாது!

துளிர் வளர்ந்து, குறிப்பிட்ட உயரம் வந்த பிறகு, மட்டக் கம்பை வைத்துப் பார்த்து, அந்த மட்டத்துக்கு மேல் உள்ள நுனிகளை மட்டும் எடுப்பார்கள். அதற்குக் கீழே உள்ள இலைகள் செடிக்குச் சொந்தம். அடுத்த நாலு, ஐந்து ஆண்டுக்கு அந்த இலைகள்தான் அடுப்பங்கரை. அவசரப்பட்டுத் தாழ்வாகக் கிள்ளினால், செடி மெலிந்து, அடுத்த கவ்வாத்து வரைக்கும் தலை தூக்காது. வெட்டியதில் இருந்து இந்த நிலைக்கு வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். குளிர்ந்த மேட்டில் அதற்கும் மேலே.

கடல் தாண்டி வந்த கை

இலங்கையில் தேயிலையைத் தொழிலாகத் தொடங்கியவர் ஜேம்ஸ் டெய்லர். 1867-ல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டார். 1869-ல் தொடங்கிய இலை நோய் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்தது. காப்பி இருந்த இடம் எல்லாம் தேயிலை ஆயிற்று. அந்தச் செடிகளை நட்டு, கொழுந்து எடுத்து, கவ்வாத்து வெட்டியவர்கள் தமிழ் நாட்டில் இருந்து போன ஏழை மக்கள்.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் நாடு இல்லாதவர்கள் ஆனார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்து கொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க, தமிழ் நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் டான்டீ.

இரண்டு பெட்டியோடு கப்பல் ஏறியவர்கள் கொண்டு வந்த சொத்து என்ன? எந்தக் கிளையை எங்கே வெட்டுவது என்று தெரிந்த கை! பாட்டன் அக்கரையில் கற்றதைப் பேரன் கூடலூரிலும் பந்தலூரிலும் செய்தான்.

இந்த வருடம் வேண்டாமே!

பெரிய தோட்டக்காரருக்குக் கவ்வாத்து ஒரு கணக்கு. சிறு விவசாயிக்கு அது வயிற்றுப் பிரச்சினை. நீலகிரியில் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் பல ஆயிரம். பச்சைக் கொழுந்தை ஆலைக்குக் கொடுத்து, வரும் பணத்தில் குடும்பம் நடக்கிறது. கொழுந்து விலை ஏறும், இறங்கும், அதிகமாக இறங்கும்.

அப்படிப்பட்ட வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கும்:

"இந்த வருசம் கவ்வாத்து வேண்டாங்க. பொண்ணுக்குக் காலேஜ் பணம் கட்டணும்."

"போன வருசமும் இதைத்தானே சொன்னே? செடி என் நெஞ்சுக்கு வந்திடுச்சு பாரு. கொழுந்தே இல்லே."

"இருக்கிற கொஞ்சமும் மூணு மாசம் நின்னு போச்சுன்னா, கடைக்காரருக்கு என்ன பதில் சொல்றது?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். வெட்டினால் உடனே வருமானம் நிற்கும். வெட்டுக் கூலி வேறு. வெட்டா விட்டால் வருமானம் நிற்காது, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து கொண்டே போகும். எட்டு, பத்து ஆண்டு வெட்டாமல் விட்ட செடியைப் பிறகு மிகத் தாழ்வாக வெட்ட வேண்டி வரும். அது செடிக்குப் பெரிய ஆபரேஷன். பிழைக்காமல் போனாலும் போகும்.

இதற்கு ஒரு வழி, தோட்டத்தை நாலு அல்லது ஐந்து பங்காகப் பிரிப்பது. ஆண்டுக்கு ஒரு பங்கு மட்டும் கவ்வாத்து. மற்றப் பங்குகளில் கொழுந்து வந்து கொண்டே இருக்கும். பெரிய தோட்டங்கள் காலம் காலமாக இப்படித்தான் செய்கின்றன. அரை ஏக்கர்காரரும் செய்யலாம். அவருடைய ஒரு பங்கு பத்து, பன்னிரண்டு சென்ட்தான் வரும். ஆனால் மூன்று மாதம் முழுப் பட்டினி என்ற பயம் போய் விடும். ஒரே கஷ்டம், விலை சரிந்த ஆண்டில் அந்தப் பத்து சென்டை விடவும் மனம் வராது.

வீட்டுத் தோட்டத்தில்

கொல்லையில் முருங்கை வைத்து இருப்பவர்கள் இதே வித்தையைச் செய்யலாம். விதை போட்டு வளர்க்கிற செடி முருங்கை இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி விட வேண்டும். விதைத்த இரண்டு மாதத்தில் அந்த உயரம் வந்து விடும். கிள்ளாமல் விட்டால் கொடிக் கம்பம் போல் நேரே மேலே போய், காய் எட்டாத உயரத்தில் தொங்கும். காய்ப்பு ஓய்ந்ததும் தரையில் இருந்து மூன்று அடி விட்டு வெட்டினால் மறுபடி தழைத்து, நாலைந்து மாதத்தில் காய்க்கும்.

குண்டு மல்லிகையைக் கார்த்திகையில், நவம்பர் மாதக் கடைசியில், தரையில் இருந்து ஒன்றரை அடி உயரத்துக்குச் சற்று மேலே வெட்டி விடுகிறார்கள். பழைய இலைகளையும் உருவி விடுவார்கள். மாசி, பங்குனியில் புதுக் கிளைகளில் மொட்டு வரும்.

புகையிலையில் இது தலை கீழ். பூத் தலையை ஒடித்து விடுகிறார்கள். உடனே பக்கத் துளிர்கள் கிளம்பும். அவற்றையும் விடாமல் கிள்ளுவார்கள். கிளையும் வேண்டாம், பூவும் வேண்டாம். சத்து எல்லாம் இருக்கிற இலைக்கே போய், இலை கனக்க வேண்டும் என்பது கணக்கு.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்து விட்டு யாரும் தென்னை மரத்தில் ஏறி விட வேண்டாம்! தென்னைக்கும் பனைக்கும் கமுகுக்கும் உச்சியில் இருக்கிற ஒரே குருத்துதான் உயிர். பக்கத்தில் தூங்கிக் கொண்டு இருக்கிற மொட்டு ஒன்று கூட அவற்றுக்குக் கிடையாது. குருத்து போனால் மரமே போயிற்று.